மூன்றாம் தூணில் நாலு முடிச்சு

குண்டுக்காரருக்கு உலகத்தில் ஒருத்தரையும் பிடிக்காது. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி, பாலத்தின் மேலிருந்து ஆற்றில் இறக்கி, நனைகிற முடிச்சுகளை எண்ணி, ஒவ்வொரு தூணடியிலும் மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் அவர் கணக்கில் மனுஷனே இல்லை.

புதிதாக வந்த இன்ஜினியரைக் கண்டால் குமட்டவே செய்தது. ஷூவில் சேறு படாமல் ஆறு பார்க்கிறவன் என்ன இன்ஜினியர்? போன வாரம் வெள்ளம் வடிந்தபோது, மூன்றாம் தூணில் ஒரு பெரிய மரம் வேரோடு வந்து சிக்கியிருந்தது. அதன்மேல் மூங்கில், கிளை, பிளாஸ்டிக், யார் வீட்டு மெத்தையோ, எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டளவு குப்பை. இன்ஜினியர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, குண்டுக்காரரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, தூணுக்கு அது நல்ல தடுப்புதான், மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் குண்டுக்காரர் மகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிக் கரித்துக் கொட்டினார். தடுப்பாமே தடுப்பு. வழியை மறித்தால் தண்ணீர் கைகட்டி நிற்குமா? அடியில் புகுந்து தூணைச் சுற்றித் தோண்டாதா? படித்த முட்டாளுக்கு இதுகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் இதே பாட்டுதான்.

மகள் பஸ் கண்டக்டர். அந்தப் பாலத்தைத் தினமும் பன்னிரண்டு தடவை கடக்கிறவள். ஐந்தாம் நாள், அளவு எவ்வளவு வந்தது என்று கேட்டாள்.

"நாலு முடிச்சும்மா. போன வருஷமும் நாலுதான். அந்த ஆளுக்கு அதிர்ஷ்டம்."

"அவ்வளவு மரம் கிடக்குதே, குண்டு எப்படிப்பா மண்ணுக்குப் போச்சு?"

டிக்கெட் கிழிக்கிறவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று அவள் வாயை அடைத்தார். ஆனால் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். மண்ணில் குண்டு உட்கார்ந்தால் கயிறு கையில் துவண்டுவிடும். அளந்த அன்று அது, குண்டு கிளையில் உட்கார்ந்தது போல, லேசாகத் துள்ளியது. துள்ளியதை விரல் சொல்லத்தான் செய்தது. படகை எடுத்துப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, நாலு என்று எழுதிவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஓடினார். கிளைகளுக்கு நடுவே இடைவெளி தேடிக் குண்டை இறக்கினார். நாலு போனது. ஐந்து, ஆறு, ஏழு போனது. ஒன்பதாவது முடிச்சும் நனைந்த பிறகுதான் கயிறு துவண்டது. பத்தில் தூணின் அடித்தளமே முடிந்துவிடும்.

இன்ஜினியருக்கு போன் போட்டுவிட்டு, நடுரோட்டில் கையை விரித்து நின்றார். முதலில் வந்தது மகளின் பஸ். உள்ளே இருந்தவர்கள் அவரைக் கிறுக்கன் என்று திட்டினார்கள்.

இன்ஜினியர் வந்து, ஷூவோடு சேற்றில் இறங்கி, குப்பையின் அடியைக் குனிந்து பார்த்தார். மேலே ஏறி வந்து சத்தம் போடாமல்தான் பேசினார்.

"மரத்தைத் தடுப்புன்னு சொன்னது என் தப்பு. ஆனா உங்க நாலை நம்பித்தான் பாலத்தைத் திறந்து வச்சேன்."

தோளில் டிக்கெட் பையோடு மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நனைந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அஞ்சு நாளா இது மேலதான் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்ப்பா."

யாரைத் திட்டலாம் என்று குண்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் அகப்படவில்லை.