பத்தடி தள்ளிக் கிடந்த முள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நினைவும் முன்னே மாதிரி இல்லை. குழம்பில் உப்புப் போட்டேனா என்பதே கொஞ்ச நேரத்தில் சந்தேகமாகிவிடுகிறது. முன்னே பின்னே எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லாமலும் இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. சனி, ஞாயிறு ஆனால் பெரிய மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாகப் பாண்டிச்சேரிப் பக்கம் போகும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுவிடுவேன். கடைசி வண்டி போகிறவரை பார்ப்பேன். "யாரைத் தேடுறீங்க?" என்று மருமகள் கேட்பாள். சும்மாதான் என்று உள்ளே போய்விடுவேன். சும்மா இல்லை.

சுனாமி வந்து ஒரு வருஷம் முடிந்து, அதற்கடுத்த பங்குனி மாதம். இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் நானும் என் ஓரகத்தியும், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும், கூலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் வெளி ஆளைக் கண்டால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்கிற ரகம். எனக்கும் சேர்த்து அக்கா பேசிவிடும்.

சாலையிலிருந்து பாத்திகளுக்குள் போகிற பெரிய வரப்பு ஒன்று உண்டு. டிராக்டர் போகிற அகலம். முந்தின நாள் அதில் ஓர் இடத்தில் அடியில் தண்ணீர் அரித்து உள்வாங்கிவிட்டது. நானும் அக்காவும்தான் களிமண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து அடைத்தோம். கூடையோடு நடக்கும்போது வழுக்கக் கூடாது என்று மேலே காய்ந்த மணலைத் தூவினோம். மணல் தூவிவிட்டால் பார்க்கிறவர்களுக்குப் பழைய வரப்பு போலவே இருக்கும். உள்ளே களி காய நாலு நாளாவது ஆகும். ஆள் நடந்தால் தாங்கும், வண்டி தாங்காது. அதனால் அடைத்த இடத்துக்கு முன்னால், சாலைப் பக்கமாக, வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவோம். முள் கிடந்தால் டிராக்டர்காரர் அங்கேயே நிறுத்திக்கொள்வார். எங்கள் உப்பளத்தில் அதற்குமேல் ஒரு பேச்சும் தேவையில்லை.

அன்றைக்குக் காலையில் நன்றாக விடிந்த பிறகு ஒரு புல்லட் வந்து முள்ளுக்கு முன்னால் நின்றது. முப்பது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. வண்டியின் முன்பக்கம் ஒரு காவிக் கலர் கொடி கட்டியிருந்தது. கூட்டத்துக்கு முன்னால் போய் வழிகாட்டுகிற வண்டிக்கு அதுதான் அடையாளமாம். ஆரணிப் பக்கம் சொந்த ஊராம். வெளியூர்க்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் மோட்டார் சைக்கிளில் மலைக்குக் கூட்டிப்போய் வழிகாட்டுகிற வேலையாம்.

"பத்து நாளா மலை மலையா சுத்திட்டு வர்றோம்மா. ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலை. கடைசியா உப்பளத்தைக் காட்டிட்டு, பாண்டிச்சேரியில விட்டுட்டா என் வேலை முடிஞ்சுது" என்றார்.

"உப்பை இன்னாத்துக்குப்பா பாக்கணும்? அவங்க வூட்ல உப்பு இல்லையா?" என்றது அக்கா.

"வெள்ளையா பரந்து கெடக்கிறதப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்கம்மா."

"ஒரு நாள் கூடையத் தூக்கச் சொல்லு. ஆசை தீந்துடும்."

தம்பி சிரித்தார். வண்டியை விட்டு இறங்கி, முள்வரைக்கும் நடந்து பார்த்தார். காலால் ஊன்றி மிதித்தும் பார்த்தார். "இதுவரைக்கும் வண்டி வருமாம்மா?" என்றார்.

"முள்ளு கெடக்குதே, அதுவரைக்கும் தாராளமா வரும். அதுக்கு அந்தாண்ட வெச்சா வண்டியும் போவும், நீயும் போவே."

"அப்ப முள்ளுதான் எல்லை. அவங்ககிட்டயும் அப்படியே சொல்லிடுறேன். மரக்காணத்துல டிபன் சாப்பிடுறாங்க. கூட்டிட்டு வர ஒம்பது மணி ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, எல்லாம் காதில் விழுந்தது. அதைத்தான் நான் மறைக்க முடியாது.

அவர் போன பிறகு கூடை சுமக்க ஆரம்பித்தோம். அந்தப் பக்கத்துப் பாத்தியிலிருந்து உப்பை வாரி, அடைத்த இடத்தைத் தாண்டி வந்து, இந்தப் பக்கம் டிராக்டர் நிற்கிற இடத்தில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் முள் சேலையைப் பிடித்து இழுத்தது. தலையில் சுமை இருக்கும்போது குனிந்து எடுக்கவும் முடியாது.

"ஏ, அதைக் கொஞ்சம் தள்ளித்தான் போடேன். சேலை கிழிஞ்சா அவனா வாங்கித் தருவான்?" என்றது அக்கா.

இந்தப் பக்கம் உப்புக் குவியலுக்கு இடம் வேண்டும். அதனால் முள்ளை இழுத்துக்கொண்டு போய், பாத்தியிலிருந்து நாங்கள் வரப்பில் ஏறுகிற இடத்தையும் தாண்டி, அடைத்த இடத்துக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளிப் போட்டேன். ஒன்பது மணிக்குத்தானே வருகிறார்கள், அதற்குள் திரும்பப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பத்து நடை போனோமோ, பன்னிரண்டு நடை போனோமோ, மறந்துவிட்டேன்.

எட்டரை மணி இருக்கும். சாலைப் பக்கம் சத்தம் கேட்டது. ஆறு வண்டிகள். வளைவில் இறங்கும்போது ஒரு வண்டி நின்றுபோக, தம்பி அங்கேயே தங்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டார். முதலில் வந்தது சிவப்பு வண்டி. மெதுவாகத்தான் வந்தது. முள் தூரத்தில் தெரிந்ததல்லவா, அதை நோக்கி வந்தது.

என் தலையில் கூடை. எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் ஆயுசில் வெளி ஆளைப் பார்த்துக் கத்தினதில்லை. கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஆட்டினேன். அந்த ஆளும் எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

முன் சக்கரம் மணலுக்குள் இறங்கியது. வண்டி சாய்ந்தது. வண்டியோடு அந்த ஆளும் பக்கத்துக் கால்வாயில் சரிந்தார். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் கால் வண்டிக்கு அடியில், சுடுகிற புகைக்குழாயை ஒட்டி மாட்டிக்கொண்டது. பாத்தியில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்து களியைக் கையால் தோண்டி வண்டியைத் தூக்கினோம். தலைக்கவசத்தைக் கழற்றினால் பொம்பளை. கட்டையாக வெட்டின நரைமுடி. அன்றைக்கு என் வயது என்னவோ அதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டின வெள்ளைக்கார அம்மா. சூடுபட்ட காலில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். என் தூக்கில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் அவர் காலில் ஊற்றினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி ஓடி வந்தார். வந்தவர் முதலில் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு வரப்பைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் கிடந்த முள்ளைப் பார்த்தார். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

அக்கா என் காதில், "வாயைத் தெறக்காத. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளையிலிருந்து ரெண்டு பேரும் வூட்டோட கெடக்க வேண்டியதுதான்" என்றது. எனக்கு அதைச் சொல்லியே இருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

டிராக்டரில் மூட்டைகளை அடுக்கி அந்த அம்மாவை ஏற்றினார்கள். கால் ஆடக் கூடாது, பொம்பளை யாராவது பிடித்துக்கொண்டு வரட்டும் என்றார்கள். என்னை விடவில்லை அந்தக் கை. நானே ஏறிக்கொண்டேன். மரக்காணம் ஆஸ்பத்திரி போகிறவரை அவர் கால் என் மடியில் இருந்தது. வழியெல்லாம் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். திட்டுகிற முகமாக இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எலும்பு விட்டிருக்கிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று காருக்குச் சொல்லியிருந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில், அந்தக் கூட்டத்தில் வந்த, தாடி வைத்த உயரமான ஆள் ஒருத்தர் தம்பியை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசினது புரியவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றது புரிந்தது.

பிறகு தம்பி எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு. அதைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதியில வேலையை விட்டுட்டுத் தண்ணி ஊத்துனீங்க, கூடவே வந்தீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு. அந்தம்மா பனிமலையில எல்லாம் வண்டி ஓட்டுனவங்க. கொல்லிமலையில எழுபது வளைவு, ஒரு எடத்துல கால ஊனல. நம்ம ஊரு வரப்புல வந்து வுழுந்துட்டாங்க பாருங்க" என்றார். "முன்ன மெக்கானிக் கடையில இருந்தேன். நாலு வருஷமா இதுதான் எனக்குச் சோறு. இவங்க ஒரு போன் போட்டா கம்பெனியில இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்க. வழியைப் பாக்காமலே பாத்ததா நான் பொய் சொல்றேன்னு சொல்றாங்க. முள்ளு இந்தாண்ட கெடந்துதுன்னுதாம்மா நெனச்சேன். என் கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சி போல."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தன் கண்ணையே அவர் சந்தேகப்பட்டதைத் தாங்க முடியவில்லை.

"உன் கண்ணு தப்பாப் பாக்கல தம்பி. நான்தான் இழுத்து அந்தாண்ட போட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"சேலையப் புடிச்சி இழுத்துது."

அவ்வளவுதான் காரணம். சொன்ன பிறகு எவ்வளவு சின்னதாக இருந்தது. "அவங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ. நான் சொல்றேன், நீ அவங்க பாஷையில சொல்லு" என்றேன்.

உள்ளே போனோம். கட்டிலில் அந்த அம்மா. சுற்றி நாலைந்து பேர். முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். வரப்பு அடைத்தது, மணல் தூவினது, முள் போட்டது, தம்பி வந்து பார்த்துக் கேட்டது, நான் இழுத்துப் போட்டது, மறந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் வெளி ஆட்களிடம் அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை.

தம்பி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். ரொம்பக் கொஞ்சமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை சாரி. அது வருமா என்று பார்த்தேன். வந்த மாதிரித் தெரியவில்லை. அந்த அம்மா என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தாடிக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

வெளியே வந்தோம். தாடிக்காரர் தம்பியின் வண்டியில் இருந்த காவிக் கொடியை அவிழ்த்துத் தன் வண்டியில் கட்டிக்கொண்டார். தம்பியைப் பார்க்கக்கூட இல்லை. அவர் முன்னால் போக, மற்றவர்களும் பின்னால் போய்விட்டார்கள். காரில் அந்த அம்மாவை ஏற்றுகிறவரை இருக்க வேண்டும் என்று தம்பி மட்டும் நின்றார்.

"நான் சொன்னத சொன்னியா தம்பி?" என்றேன்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேம்மா. நீங்க வேலையப் பாக்கப் போங்க" என்றார்.

உப்பளத்துக்குத் திரும்பி நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. என்மேல் தப்பு என்று தெரிந்திருந்தால் அவர்கள் எதற்காகத் தம்பியின் கொடியை அவிழ்க்கிறார்கள்? எதற்காக என்னைக் கும்பிடுகிறார்கள்? திரும்பி ஓடினேன். ஓடுகிற வயசா எனக்கு. ஆஸ்பத்திரி வாசலில் கார் இல்லை. புல்லட்டும் இல்லை. நான் குடிக்காமல் வைத்த டீ மட்டும் ஆடை கட்டிப்போய் அங்கேயே இருந்தது.

மறுநாள் மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார். அக்காவையும் நிறுத்திவிட்டார். "ஊமைக்கு வாய் வந்துது, என் சோத்துல மண்ணு வுழுந்துது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அக்கா. ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் எனக்குப் பாரமாகவே இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னது சேர்ந்ததா என்பதுதான் இன்னமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் உப்பளத்தில் இருந்தேனோ, முள்ளை நகர்த்தினால் அடுத்த கூடை தூக்குவதற்கு முன் திரும்பப் போட்டுவிடுவேன். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வருஷமும் நேரமும் நான் சொன்னதில் தப்பு இருக்கலாம். ஆறு வண்டியா ஏழா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. யாராவது விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிற, ஆரணிப் பக்கத்து அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இருந்தால், அன்றைக்குக் கூட வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாவின் கால் சரியானதா என்றும் கேளுங்கள். நான் சொன்னதை அவர் சொல்லவில்லை என்றால், இதை அவர்களிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு வாயால் சொன்னது பாதி வழியில் நின்றுவிட்டதோ என்றுதான், எழுத வராத கையால் இப்போது எழுதியிருக்கிறேன்.