சூப்பர்வைசருக்கு என் கைச் சமையல்

எண்பதுகளில் மலேசியாவின் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேண்டீனை நான் எடுத்து நடத்தினேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. மார்க்கெட்டில் பேரம் பேசவும் கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கவும் நன்றாக வரும். சமையல் முழுக்க லெட்சுமி அக்கா கையில். ஜெராம் கடற்கரையிலிருந்து வரும் மீனில் அவர் வைக்கும் குழம்புக்கு மலாய்க்காரப் பெண்கள், சீன மெக்கானிக்குகள் என்று எல்லாரும் மணியடிக்கும் முன்பே தட்டோடு நிற்பார்கள்.

ஒரு நாள் பேக்கிங் சூப்பர்வைசர் மாணிக்கம் என்னை ஓரமாக அழைத்தார்.

"சமைக்கிறது யாருன்னு இப்பதான் தெரிஞ்சுச்சு. அது எங்க தோட்டத்துல கடைசி லயத்து ஆளுப்பா. அவங்க கையால நாங்க தண்ணிகூட வாங்கினதில்ல. வேற ஆளு பாரு. இல்லன்னா கேண்டீன் சுத்தமில்லன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்."

அதுவரை அதே குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்ற வாய்தான் அது. கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்தை விட்டு வந்து தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியவர், சாதிக்கு ஒன்றாகப் பிரித்த அந்த லய வீட்டு வரிசைகளை மட்டும் விடாமல் கூடவே கொண்டு வந்திருந்தார்.

லெட்சுமி அக்காவின் கணவர் தோட்ட வேலையில் செம்பனைப் பழக்குலை மேலே விழுந்து தோள் முறிந்து வீட்டில் கிடந்தார். இந்த வேலை போனால் அந்தக் குடும்பம் பட்டினி. அவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கேண்டீனை இழக்கவும் மனம் வரவில்லை.

"கை படுறதுதானே சார் பிரச்சினை? இங்க கையுறைக்கா பஞ்சம்? ஒரு ஜோடி மாட்டி விட்டுடலாம்" என்றேன்.

முறைத்தார்.

"கோவப்படாதீங்க லா. உங்களுக்கு மட்டும் நானே தனியா சமைச்சுத் தர்றேன். நம்ம கை ஓக்கேதானே?"

நான் யார் வீட்டுப் பிள்ளை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தவர், பெருமையாகத் தலையாட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று எதையும் கெடுக்கவில்லை. முழு மனதோடு சமைத்தேன். அதுதான் அவருக்கு வந்த கேடு. முதல் நாள் சாம்பாரில் பருப்பைக் கடித்தால் சத்தம் கேட்டது. ரசத்தில் உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் மறுபடி போட்டேன். அருகிலேயே நின்று, "எப்படி சார்?" என்று கேட்பேன். "நல்லா... இருக்கு" என்பார், தண்ணீரைக் குடித்தபடி.

பக்கத்து மேசையில் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெண், "ஏன் தனிச் சோறு? உடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தாள். அவர் அவசரமாக இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு மத்தியானம் தட்டோடு வரிசையில் வந்து நின்றார். நான் கல்லாவிலிருந்து எழுந்தேன். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட, நாக்கில் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது.

லெட்சுமி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டார்.

"தலையா, நடுத்துண்டா?"

"தலை" என்றார் மாணிக்கம், தட்டைப் பார்த்துக்கொண்டே. இருந்ததிலேயே பெரிய தலை விழுந்தது.

அவருக்கு ஏன் போட்டீர்கள் என்று அடுப்படிக்குப் போய் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். நான் சொல்லாமலே அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ரெண்டு வாரமா நீ சமைச்சதத் தின்னுருக்காரு தம்பி. அது பத்தாதா அந்த மனுசனுக்கு?"

கேண்டீன் எடுக்க வரும் இளைஞர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒருவரைத் தோற்கடிக்க எனக்குத் தெரிந்திருந்தது. தோற்று வந்தவரை எல்லாரோடும் உட்கார வைத்துச் சோறு போட அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது.