மாதா பாட்டு நான்கு

ராப் என்றால் அப்போது எங்கள் திண்டுக்கல்லில் யாருக்கும் புரியாது. "என்னப்பு, பாடுறியா வையுறியா?" என்றுதான் கேட்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. பின்னால் என் பாட்டுகள் மெமரி கார்டில் ஏறி, செல்போனுக்குச் செல்போன் தாவி, ஆத்தூர், காந்திகிராமம் வரைக்கும் போயின. எந்த ஸ்டுடியோவில் ஆரம்பித்தீர்கள் என்று கேட்பவர்களிடம், ஆட்டோ விளம்பரம் பதிவு செய்யும் கடையில் என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பேருந்து நிலையம் பக்கம், மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கும்பாபிஷேகம், காதணி விழா என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதெல்லாம் அங்கேதான் பதிவாகும். நடத்தியவர் ஓர் அக்கா. அறிவிப்புப் பேச என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் மைக்கை எனக்கே விட்டுவிடுவார். அந்தப் புண்ணியவதி இல்லையென்றால் நான் இல்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்தால், என்னவென்று தெரியாததையெல்லாம் யோசிக்காமல் அழித்துவிடுவார். சாமி பாட்டில் மட்டும் கை வைக்க மாட்டார். அவரும் எங்களைப் போல வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அதனால் என் ராப்புக்கெல்லாம் 'மாதா பாட்டு 1', 'மாதா பாட்டு 2' என்று பெயர் வைத்துப் பத்திரப்படுத்தினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாவது பாட்டு என் அப்பாவைப் பற்றியது. அவர் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கூட இருந்தவன், "யாருடா அது?" என்றான். "எங்க தெருக்காரரு" என்று சொல்லிவிட்டேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை நான் சொன்னதில்லை. பத்து வருஷம் கழித்து அந்த மைக்கில்தான் சொன்னேன். தூக்குவாளியில் சோறு கொண்டு வந்த அப்பனைத் தெருக்காரன் என்றேன் என்று பாட்டில் வரும். அப்பாவுக்கு அது தெரியவே கூடாது என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பங்கு மாதா கோயில் திருவிழாவின்போது நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அறிவிப்பை அக்காவே பேசினார். நடுநடுவே போட மாதா பாட்டு வேண்டுமே? பெயரைப் பார்த்துச் சேர்த்து, சிடி போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மெதுவாக எழுந்து டீக்கடைக்குப் போனேன். ஆட்டோ வந்தது. "அனைவரும் வாரீர்" என்று அக்கா முடித்ததும் என் குரல், அந்த நாலாவது பாட்டு! ஓடிப்போய் மறித்தேன்.

"காலைலருந்து இதான் ஓடுது. ஏதோ புதுமாதிரி மாதா பாட்டுன்னு நெனச்சேன்," என்றார் ஆட்டோக்காரர். "தோல் ஷாப்பு வாசல்ல செத்த நேரம் நிப்பாட்டுனேன். அம்புட்டுப் பேரும் நின்னு கேட்டாங்கப்பு."

அப்பா அடிப்பார் என்ற பயமில்லை. அந்த மனசு என்ன பாடுபடும் என்றுதான் பதறினேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். குளித்தார். என்னோடு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறும் வெஞ்சனமும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும் மெதுவாகப் பேசினார்.

"பாட்டுல ஒரு தப்பு இருக்குப்பு."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அன்னைக்கு நான் சோறு கொண்டாரல. ஒனக்குப் பரீச்ச. ஜாமெட்ரி பாக்ஸ வீட்ல வச்சிட்டுப் போயிட்ட. அதத்தான் கொண்டாந்தேன்."

"நான் சொன்னது அன்னைக்கே ஒங்களுக்குக் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு. அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் வந்தேனா?"

வரவில்லை. அதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. பத்து வருஷமாக எல்லாம் தெரிந்துகொண்டே எனக்குப் பீஸ் கட்டியிருக்கிறார், சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அப்படி ஒரு மனுஷனுக்கு மகனாகப் பிறந்ததற்கு நான் எத்தனை பாட்டு எழுதினாலும் ஈடாகாது. தட்டிலேயே கண்ணீர் விழுந்தது.

"அழுவாத, சாப்பிடு," என்றார். "நாளைக்கும் வண்டி சுத்தும்ல? அதுக்குள்ள அந்தச் சோத்த மட்டும் மாத்திப் பாடிரு."