காணாத வெளிச்சம்

ஒளித்துகளான போட்டன் ஒன்றின் சக்தியைத் தீர்மானிப்பது எது என்று என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், பாதிப் பேர் பிரகாசம் என்று எழுதுவார்கள். மீடிறன், அதாவது ஒளியலையின் அதிர்வெண் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருப்பேன். பிரகாசம் கூடினால் போட்டன்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் சக்தியும் அப்படியேதான் இருக்கும். நிறம் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகப் போகத்தான் மீடிறன் கூடும், அதோடு சக்தியும் கூடும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருப்பேன். விடைத்தாளில் மறுபடியும் பிரகாசம் வந்து நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சின்ன வயதில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தவள். என் கணவர் ஆலங்குடாவில் கடலுக்குப் போகிறவர். பிள்ளை பிறந்த நேரமும் கடலில்தான் இருந்தார். அவர் கரைக்கு வருவதற்குள் பிள்ளையின் முகம் மஞ்சளாகி, அந்த மஞ்சள் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது. செங்கமாரி என்றார் டொக்டர். உடுப்பைக் கழற்றி, கண்ணைத் துணியால் மறைத்து, நீல லைட்டின் கீழே படுக்க வைத்தார்கள். இரத்தத்தில் மஞ்சள் குறையாவிட்டால் இரத்தத்தையே மாற்ற வேண்டிவரும், கூடிக்கொண்டே போனால் மூளையைத் தாக்கும் என்றார். மெல்லிய குரலில்தான் சொன்னார்.

என் கணவர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்.

"இந்த லைட் காணாது," என்றார்.

போதாது என்பதை எங்கள் பேச்சில் காணாது என்றுதான் சொல்வோம். கறிக்கு உப்புக் காணாது, சம்பளம் காணாது. அவருக்கு இந்த வெளிச்சமும் காணாது.

"வள்ளத்து லைட்டக் கொண்டந்து வைப்பமா? கிட்ட நிண்டா உடம்பெல்லாம் சுடும்."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். "பேசாம இருங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

மனுசன் பேசாமல்தான் இருந்தார். மறுநாள், வெளிச்சம் காட்டிக் கணவாய் மீன் பிடிக்கிற அந்தப் பெரிய மஞ்சள் லைட்டைச் சாக்கில் சுற்றி, நெரிசலில் நின்றபடியே பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார். தாதி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இதென்ன ஐயா, இங்க கணவாய் பிடிக்கிறதா?"

நான் வெளியே வந்தபோது வாங்குப் பலகையில் சாக்குமூட்டையும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஏச வேண்டும் என்றுதான் வந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தேங்காய விரலால எத்தினை தரம் தட்டினாலும் உடையுமா?"

"உடையாது."

"கத்தியால ஒருக்காப் போட்டா?"

"உடையும்."

"உங்கட லைட் ஆயிரம் விரல். அந்த நீலம் கத்தி. பிள்ளையின்ர மஞ்சளக் குலைக்க அதுதான் வேணும்."

அவர் பிள்ளை இருந்த அறைப் பக்கம் திரும்பினார்.

"கத்தியெண்டு சொல்லுறாய். பிள்ளைக்கு நோகாதா?"

இத்தனை வருடத்தில் வகுப்பில் ஒரு பிள்ளையும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நோகாது என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாம் தெரிந்தவள்போல அவருக்கு விளக்கம் சொன்னேனே தவிர, பால் கொடுக்கப் போகும்போதெல்லாம் நானும் அந்த லைட்டை அண்ணாந்து பார்த்து, இது காணுமா காணுமா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் காலை தாதி லைட்டை அணைத்தாள். கண்ணில் இருந்த துணியை எடுத்து, பிள்ளையைச் சீலையில் சுற்றி, அவருடைய கையில் கொடுத்தாள். மகள் கண் திறந்திருக்க அவர் அதுவரை பார்த்ததேயில்லை. மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒரு கண்ணை மெல்லத் திறந்தாள், மற்றதையும் திறந்தாள்.

"இனி வீட்ட போகலாமாம். இவ்வளவு நாளும் பிடிச்ச லைட் காணுமாம்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம், காணுது," என்றார். "என்னைக் காணுது."