கொறுக்காய் போட்டுக் கழுவிய காசு

இது நடந்தது. கற்பிட்டியில், போன வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். எங்கள் வளவுக்கும் ஃபஸ்லான் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அதில் எத்தனை ஓட்டை, எந்த ஓட்டையால் எது தெரியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மிச்சத்தை அவன் பெண்சாதி றுஷ்னா தன் வாயாலேயே சொன்னாள். நான் கேட்காமல் சொன்னாள் என்று சொல்லமாட்டேன்.

ஃபஸ்லான் கருவாட்டு வியாபாரி. நாற்பது வயது, நாலாயிரம் யோசனை. சொந்தமாக ஒரு லொறி எடுத்துவிட்டால் கொழும்புக்குத் தானே கருவாடு ஏற்றலாம், இடையில் நிற்கிற முதலாளிமாருக்குப் பல்லைக் காட்டத் தேவையில்லை என்பது அவனுடைய பத்து வருஷக் கனவு. அவனுடைய அப்பா ஹிஸ்புல்லா, அதாவது வாப்பாவின் வாப்பா, தொண்ணூற்றைந்து வயதில் மௌத்தானார். சாச்சாமார் காணி, கட்டில், அலுமாரி என்று பிரித்துக்கொண்டு, பேரன் கையில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் பேணியைக் கொடுத்தார்கள். உள்ளே காசு குலுங்கியது. ஒல்லாந்தர் கோட்டை கட்டின ஊரில் பழைய காசு குலுங்கினால் தங்கம் என்றுதான் காதில் விழும். லொறிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று றுஷ்னாவிடம் கேட்டானாம்.

பேணிக்குள் ஏழு வெள்ளைச் சீலைப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் நூலால் கட்டியது. ஒன்றில் ஒரு முடிச்சு. அடுத்ததில் இரண்டு. அப்படியே ஏழு வரைக்கும்.

“இஞ்ச பாருங்க, இது மௌத்தானவங்களுக்குச் சுத்துற கபன் சீலை மாதிரி இரிக்கி,” என்றாள் றுஷ்னா.

“உனக்கு வெள்ளையைக் கண்டா மையித்துதான். பள்ளிச் சுவரையும் கபன் எண்டு சொல்லு.”

முடிச்சை அவிழ்க்க அவனுக்குப் பொறுமையில்லை. கருவாடு வெட்டுகிற கத்தியால் ஏழையும் அறுத்தான். சீலை, நூல் எல்லாம் அடுப்புக்குள். அந்த மணம் எங்கள் குசினி வரைக்கும் வந்தது. மயிர் பொசுங்குகிற மாதிரி.

காசெல்லாம் களிம்பு பிடித்துக் கிடந்தது. கருவாட்டுக்காரன் வீட்டில் கொறுக்காய்ப் புளிக்கா பஞ்சம்? எனாமல் பேசினில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கொறுக்காயைக் கரைத்து, தேங்காய்த் தும்பால் தேய் தேய் என்று தேய்த்தான். ஏழும் பளபளத்தன. போனைக் காட்டி ஒவ்வொன்றும் எந்த நாடு என்று தேடினான். நோர்வே. கிரேக்கம். நடுவில் ஓட்டையுள்ள ஒன்று ஜப்பான். ஒன்று இப்போது உலகப் படத்திலேயே இல்லாத யூகோஸ்லாவியா. ஏழு காசுக்கும் ஏழு நாடு. எல்லாம் அறுபது, எழுபதாம் ஆண்டுக் காசு. தங்கமும் இல்லை, ஒல்லாந்தும் இல்லை.

ஆனாலும் ஆசை விடுமா? மேசையில் அடுக்கிப் படம் எடுத்து, சிலாபத்தில் பழைய காசு வாங்குகிற ஜூட் என்கிறவனுக்கு அனுப்பினான். நேரம் 1.35. றுஷ்னா அப்போது வெங்காயம் உரிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். யாரைப் பற்றிக் கதைத்தோம் என்பது இங்கே தேவையில்லை.

1.41க்கு ஜூட் போன் எடுத்தான்.

“நானா, காசைக் கழுவினீங்களா?”

“ஓம். இல்லாட்டி எழுத்து விளங்குமா?”

“களிம்போட இருந்தாத்தான் விலை. இனி இது பிள்ளைகள் விளையாடத்தான். சரி, ஏன் தண்ணிக்குள்ள வச்சுப் படம் எடுத்தீங்க?”

“என்ன தண்ணி? மேசையில வச்சு எடுத்தன்.”

“மணல் தெரியுது. பாசி தெரியுது. அந்தக் கை யாருட?”

ஃபஸ்லான் தன் போனில் படத்தைத் திறந்தான். மேசை. காசு. கை ஒன்றும் இல்லை.

1.46. டொக்... டொக்...

நாலு மாதமாக மழையில்லை. மேசைக்கு அடியில் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

1.48. காற்று நின்றது. ஆகஸ்ட் மாதத்துக் கற்பிட்டியில் காற்று நிற்காது. அது நின்றதற்கு நானும் சாட்சி. கொடியில் பறந்த என் சாரி சட்டென்று தொங்கியது.

ஒரு மணம் வந்தது. கருவாட்டு மணம் இல்லை. அதில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா... இது வேறு.

அவன் மேசையைப் பார்த்தான். நடுவில் அடுக்கிய காசு இப்போது நாலு ஓரமும். ஏழு பேர் சுற்றியிருந்து ஆளுக்கொன்று முன்னால் வைத்த மாதிரி.

ஒரு காசு நகர்ந்தது. பக்கத்துக் காசின் இடத்துக்குப் போனது. திரும்பி வந்தது. இன்னொன்று நகர்ந்தது. மாற்றி... மாற்றி...

எது யாருடையது என்று தேடினார்கள்.

கிடைக்கவில்லை.

எல்லாம் நின்றன.

பிறகு ஏழு காசும் ஒரேயடியாக அவனை நோக்கி வந்தன.

1.52. பிடரியில் ஒரு கை.

குளிர்.

பேசினுக்குள் முகம்.

பேசின் மேசையில் கடகடவென்று அடிபட்ட சத்தத்துக்குத்தான் றுஷ்னா ஓடினாள். தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்தாள். பேசினில் இருந்தது மூன்று விரல் தண்ணீர். அவன் வாயால் வந்தது அரை வாளி. கடல் தண்ணீர், மணலோடு. ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள். பிரஷருக்குப் பிடரியில் விரல் அடையாளம் வருமா என்று றுஷ்னா கேட்கவில்லை. நானென்றால் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை அவனை அனுப்பிவிட்டார்கள். பேணியைத் தூக்கிக்கொண்டு, றுஷ்னாவையும் கூட்டிக்கொண்டு, நேரே முத்தலிபுவிடம் போனான். ஹிஸ்புல்லா மையித்துக் குளிப்பாட்டிய காலத்தில் கபுறுக்குழி வெட்டியவர் முத்தலிபு. காசைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“கப்பல்ல இருந்து விழுந்து கரையில ஒதுங்கினவங்கட காசு. ஏழு மையித்து. பேரும் தெரியா, மார்க்கமும் தெரியா. மையவாடி ஓரத்தில வரிசையா அடக்கினம். உரித்தாளி வந்து கேட்டாக் குடுக்கோணும் எண்டு, மிஞ்சின கபன் சீலையில உன்ட அப்பா கட்டி வச்சார். அமானிதம், நம்பி வச்ச சாமான். ஒரு முடிச்சு எண்டா முதலாம் கபுறு.”

“அப்ப கபுறிலேயே கொண்டுபோய் வைப்பம், காக்கா.”

“எதை, எதில?”

முடிச்சும் நூலும் அடுப்போடு போயாச்சு. சீலையெல்லாம் சாம்பல்.

“உன்ட வாப்பா எப்படி மௌத்தானவர்?”

“வலிப்பு வந்து. நான் அப்ப கைப்பிள்ளை.”

“உனக்கு அப்படியா சொன்னாங்க? களப்பு ஓரம், கணுக்கால் தண்ணியில குப்புறக் கிடந்தார். ஆசைக்கு ஒரு பொட்டலத்தை அவிழ்த்துப் பாத்தவர். உன்ட அப்பா அண்டைக்கே திருப்பிக் கட்டிட்டார். அப்படியிருந்தும் மூணாம் நாள்.” பேணியை எட்டிப் பார்த்துக் கேட்டார். “நீ எத்தனை?”

“ஏழும்.”

முத்தலிபு கதிரையைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

றுஷ்னா விரலில் எண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன்.

கடலே இல்லாத ஊருக்குப் போய்விட்டால் தப்பலாம் என்று ஃபஸ்லான் நினைத்தான். குருநாகலில் கூட்டாளி ஒருவன் இருந்தான். பேணியை முத்தலிபுவின் முற்றத்திலேயே போட்டுவிட்டு, தனியாகப் பஸ் ஏறினான். றுஷ்னா தாகத்துக்குக் கொடுத்த போத்தலைக்கூட வாங்கவில்லை.

புத்தளம் தாண்டி, இரண்டு பக்கமும் வறண்ட காடு. 1.52க்கு யன்னல் ஓரத்து ஆசனத்தில் இருந்தபடியே போய்விட்டான். சட்டை காய்ந்திருந்தது. ஆசனம் காய்ந்திருந்தது. நீரில் மூழ்கி மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகுதான் றுஷ்னா எனக்கு இதைச் சொன்னாள். பொலிசில் அந்த பஸ் கொண்டக்டரும் வாக்குமூலம் கொடுத்திருந்தானாம். ஃபஸ்லான் ஒரு டிக்கெட்தான் கேட்டான், நான்தான் எட்டு வெட்டிக் கொடுத்தேன் என்று சொன்னானாம். வீட்டு ஆள் என்று றுஷ்னாவைக் கண்டதும், அந்த மனிசன் பயமில்லாமல், சாதாரணமாகக் கேட்டானாம்:

“அவரோட நனைஞ்சுபோய் ஏறின ஏழு பேரும் எங்க இறங்கினாங்க?”