மகள் பிடித்த கடிகாரம்

குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குப் போய் ஷூவின் மேல்பாகம் தைக்கிற எழிலரசிக்குப் பதினான்கு வருட சர்வீஸ். பிடித்தம் போகப் பன்னிரண்டாயிரம் கைக்கு வரும். அவள் மகள் கவிப்ரியா இன்ஜினியரிங் படிப்பில் ஆறு மாதப் பயிற்சிக்கு அதே கம்பெனிக்கு வந்தாள். வேலை பார்ப்பதுதான் அந்தப் பருவத்துப் பாடம். பாடம் படிக்கக் கம்பெனி மாதம் பதினைந்தாயிரம் கொடுத்தது.

வேறொருத்தியாக இருந்தால் வயிறு எரிந்திருக்கும். எழிலரசிக்கோ தலைகால் புரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் அந்தத் தொகையைச் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

"அது சம்பளம் இல்லம்மா, ஸ்டைபண்டு. ஆறு மாசத்தோட நின்னுடும்," என்றாள் கவிப்ரியா. "ப்ராஜெக்ட் நல்லா வந்தாதான் வேலைக்கு எடுப்பாங்க."

ப்ராஜெக்ட் என்பது தையல் லைனில் கடிகாரத்தோடு நின்று, ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. மேனேஜர் நிசார் அஹமது அவள் அம்மா இருக்கிற லைனையே கொடுத்தார்.

கடிகாரம் வந்தால் கையைத் தளர்த்த வேண்டும். லைனில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத சட்டம் இது. இன்று அளக்கிற நேரம்தான் நாளைய டார்கெட். அதனால் திடீரென்று நூல் அறும், கண்ணில் தூசி விழும். பக்கத்து மிஷினில் சௌந்தரம் அன்றைக்கு நூல் கோத்தே பொழுதைக் கழித்தாள்.

எழிலரசிக்குச் சட்டம் தெரியாதா? போன வருடம் அளக்க வந்தவனிடம் அவள் நடிக்காத நடிப்பா? ஆனால் இப்போது எதிரே நிற்பவள் பெற்ற மகள். அம்மாவுக்குக் கை ஓடாது என்று மகளே எழுதிக்கொண்டு போவதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. குனிந்தாள், மிஷின் பறந்தது. ஒரு தையல்கூடப் பிசகவில்லை. கவிப்ரியா சிரித்துக்கொண்டே எழுதினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எழிலரசி இன்னும் விரட்டினாள்.

அடுத்த மாதம் டார்கெட் மணிக்கு அறுபது ஜோடியிலிருந்து எழுபதானது. "எழிலரசியால முடியுதில்ல?" என்றார் நிசார் அஹமது. யானை தன் தலையில்தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்; இவள் லைன் முழுவதன் தலையிலும் போட்டுவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடியில் குழம்பு மாற்றிக்கொள்கிற கூட்டம் அவளைத் தனியே விட்டது.

விஷயம் தெரிந்து கவிப்ரியா வீட்டில் கேட்டாள்: "நீ ஏம்மா அவ்ளோ வேகமா தெச்ச? எனக்கு இன்னா தெரியும்?"

"நீ பாத்துக்கினு இருந்தியே."

ப்ராஜெக்ட் நன்றாக வந்திருந்தது. படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், மாதம் இருபத்திரண்டாயிரம். எழிலரசிக்குச் சந்தோஷமும் அவமானமும் ஒன்றாகவே வந்தன. இந்த முறை தொகையைப் பஸ்ஸில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

சேதி எப்படியோ லைனுக்கு வந்துவிட்டது. அன்று மத்தியானம் தனியே உட்கார்ந்து வெறும் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவளின் முன்னால் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றிய மூடி ஒன்று வந்து நின்றது. நிமிர்ந்தால் சௌந்தரம்.

"நல்லா துன்னு. சாயந்திரம் வரைக்கும் கை ஓடணும் இல்ல, நீ வெச்ச டார்கெட்டுக்கு."