பேரன் என்று எழுதிவிட்டேன்

சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு கார்த்தேஜ் தளபதியைத் தேடுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய போர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். ரோமாபுரியோடு மோதி அழிந்த அந்த நகரத்தில் ஒரே பெயரில் இரண்டு தளபதிகள் வந்தார்கள். முன்னவர் களத்தை விட்டு ஓடிவந்தார், ஊராரே அவரைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள். இரண்டு தலைமுறை கழித்து வந்த பின்னவர், படை சிதறியும் ஓடாமல் நின்று செத்தார். அவரைப் பற்றிக் கிடைப்பது அந்த ஒரு வரிதான். அதையும் எழுதிவைத்தவன் எதிரி.

ஏன் ஓடவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் இருவருக்கும் ஒரே பெயர் என்பது உறைத்தது. துள்ளிக் குதித்தேன். ‘தாத்தாவின் பழியைத் துடைக்கப் பேரன் நின்றான்’ என்று எழுதினேன். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன்தானே பெயரன்? புத்தகத்திலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று எனக்கு ஒரே பெருமை.

பதிப்பகத்திலிருந்து எடிட்டர் அம்மா போன் செய்தார்.

“சார், பேரன்னு எதுல இருக்கு? ஆதாரம் அனுப்புங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

கிடைத்த மொழிபெயர்ப்புகளையெல்லாம் புரட்டினேன். பின்னவருடைய அப்பா பெயர்கூட எங்கும் இல்லை. பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவி, கணக்கு டீச்சர், என் புலம்பல் பொறுக்காமல் நிமிர்ந்தாள்.

“அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?”

“அவங்க சாமியோட அருள்னு அர்த்தம்.”

“சாமி பேரா? நல்லாருக்கு. நம்ம கோயில் வாசல்ல நின்னு சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, பத்து பேரு திரும்புவான். அத்தன பேருக்கும் ஒரே தாத்தாவா? என்ன கதை விடுதீங்க!”

சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. வாக்கியத்தை விட மனசில்லை. ‘பேரனாக இருக்கலாம்’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘லாம்’ போட்டால் புளுகு வரலாறாகிவிடுமா?

பிறகுதான் வெட்கமாக இருந்தது. நின்று செத்தவர் அவர். அந்தத் துணிச்சலை அவரிடமிருந்து பிடுங்கி, யாரோ ஒரு தாத்தாவுக்காகச் செய்ததாக எழுதியிருந்தேன். இந்த உலகத்தில் அவருக்கென்று மிஞ்சியிருப்பதே அது ஒன்றுதான்.

அழித்தேன். ‘அவர் ஏன் ஓடவில்லை என்று தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். சற்று நேரத்தில் மறுபடியும் போன்.

“சரியா இருக்கு சார், அச்சுக்கு அனுப்பிட்டேன்” என்ற எடிட்டர் அம்மா, போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கினார்.

“ஆனா சார், அவர் ஏன்தான் ஓடல?”